இந்தப் பந்தியை எடுக்கலாமா?

கறுப்பு மேற்சட்டையைப் பல்கனியில் தொங்கவிட்டிருக்கிறேன். நேற்றிலிருந்து காற்றில் ஆடுகிறது. ஆனாலும் வலது கைப்பக்கத்தில் சோற்று ஆவியின் மணம் போகவில்லை, கொஞ்சம் அடிப்பிடித்த வாசமும் கலந்து கிடக்கிறது. செத்தவீட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் போட்ட உடுப்பை இப்படி வைத்திருக்கக் கூடாது, கழுவக் கொடு என்று மனைவி இரண்டு தரம் சொல்லிவிட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்து இதை உனக்கு எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அழவில்லை. உன் பெட்டி தகனசாலையின் கதவுக்குள் போனபோது என் முன்னால் ஒருவர் குனிந்து விழுந்து கும்பிட்டார். அவருடைய புதுச் சப்பாத்தின் அடியில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நான் அதைத்தான் வாசித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட சிநேகிதத்துக்கு இது அழகான முடிவில்லை என்று தெரியும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துக் கடித்துப் பார்ப்போமே, அப்படி நானும் உன்னை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

செத்தவீடு முடிந்து சில நாளில் உன் பவானி போன் எடுத்தா. கல்வெட்டுக்கு நான் எழுத வேண்டுமாம். முப்பத்தொன்றாம் நாள் வருகிற சனத்துக்கு, செத்தவரின் படத்தோடும் தேவாரத்தோடும் ஒரு புத்தகம் அடித்துக் கொடுக்கிற நம்முடைய வழக்கத்தை நீ எவ்வளவு கேலி செய்வாய். "கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, பேர் மட்டும் கல்வெட்டு" என்பாய். கடைசியில் உனக்கும் ஒன்று.

"மணியண்ணை, உங்களை விட்டா ஆர் எழுதுறது? அகதி ஹைமில இருந்து கூட இருந்தனீங்கள்" என்றா பவானி. பிறகு குரலைத் தாழ்த்தினா. "பாத்து எழுதுங்கோ அண்ணை. ரெண்டு பகுதியும் வருகினம். சங்கம் உடைஞ்ச பிறகு இப்பதான் எல்லாரும் ஒரு மண்டபத்துக்குள்ள வரப்போகினம். அவர் அதுக்குத்தானே ஆசைப்பட்டவர்."

பார்த்துத்தான் எழுதினேன். உன் பிறப்பு, பல்கலைக்கழகத்தில் நீ பாதியில் விட்ட சரித்திரப் படிப்பு, ஜெர்மனிக்கு வந்ததும் நம்மைத் தங்கவைத்த கெல்சென்கிர்ச்சன் ஹைம், பாண் தொழிற்சாலையில் உன் வேலை, ஆரணி பிறந்த அன்று பனியில் நீ வழுக்கி விழுந்த கதை. எல்லாம் எழுதி முடித்த பிறகு கை நிற்கவில்லை. சங்க மண்டபத் தரையில் கிடந்த மஞ்சள் கோட்டைப் பற்றியும் ஒரு பந்தி எழுதினேன். கோபத்தில் எழுதவில்லை. பால் வாங்க வேண்டும், மின்சாரக் காசு கட்ட வேண்டும் என்று எழுதி வைப்பதுபோல எழுதி, அப்படியே உன் மகளுக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் ஆரணி திருப்பி அனுப்பினாள். என்னுடைய பக்கம், அதிலே அந்த ஒரு பந்திக்கு மட்டும் மஞ்சள் நிறம் பூசியிருந்தது. கீழே ஒரு வரி: "மணி மாமா, இந்தப் பந்தியை எடுக்கலாமா?"

சங்கம் உடைந்து இத்தனை வருடமாகியும் மஞ்சள் நிறம் என்னை விடவில்லையே என்று சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. "எடு பிள்ளை" என்று இரண்டு சொல் எழுதி அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

நாம் சந்தித்தது ஹைமின் சமையலறையில். ஒரு மாடிக்கு ஒரு அடுப்பு, அதற்கு முன்னால் ஐந்து நாட்டுச் சனம். உன்னிடம் அரிசி இருந்தது, என்னிடம் சட்டி இருந்தது. எந்த ஊர் என்று கேட்டாய், சொன்னேன். ஊருக்குள் எந்தப் பக்கம் என்று நீ கேட்கவில்லை. கேட்காதவனிடம் ஒளிக்கக் கூடாது என்று நானாகவே சொன்னேன். எங்கள் ஆட்கள் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டவர்கள், கிணற்றில் வாளி போட விடப்படாதவர்கள் என்று. நீ ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாய். "சரி, உப்புக் காணுமோ பார்" என்று அகப்பையை நீட்டினாய்.

அந்த அகப்பையை நான் மறக்கவில்லை. பிறகு நடந்ததற்குப் பிறகும் மறக்கவில்லை. எனக்கு உன்மேல் முழுதாகக் கோபிக்க முடியாமல் போனதற்கும் முழுதாக அழ முடியாமல் போனதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்று சோறு அடிப்பிடித்துவிட்டது. நான் மேலாகப் போட்டுத் தந்தேன். "அடியையும் சுரண்டிப் போடு மச்சான், அதுதான் ருசி" என்றாய். அதற்குப் பிறகு நான் ஆஸ்பத்திரியின் பெரிய சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு அவிக்கப் பழகி, அடிப்பிடிக்காமல் சோறாக்கும் வித்தை எல்லாம் கைவந்த பிறகும், நீ வீட்டுக்கு வந்தால் மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் அடிப்பிடிக்க விடுவேன்.

பாண் தொழிற்சாலையின் மாவை உதறிவிட்டு நூலகத்துக்கு ஓடுகிற மனிதன் நீ. அங்கேதான் உனக்கு அந்த அமெரிக்கப் பைத்தியம் பிடித்தது. உள்நாட்டு யுத்தம் வருவதற்கு முந்திய எழுபது வருடங்கள். அடிமைகளை வைத்திருந்த மாநிலங்களும் வைத்திராத மாநிலங்களும் ஒன்றோடொன்று செய்துகொண்ட உடன்பாடுகள். ஏன் அதைப் பிடித்தாய் என்று கேட்டேன். "எங்கட யுத்தத்தைப் பற்றிக் கதைக்க ஏலாது. அது இன்னும் சுடுது. மற்றவையின்ர ஆறின யுத்தத்தைப் பற்றிக் கதைப்பம்" என்றாய்.

சனிக்கிழமைகளில் சங்க மண்டபத்தில் பேசத் தொடங்கினாய். பழைய கம்பளக் கிடங்கு அது. ஒரு மூலையில் கோயில், ஒரு மூலையில் சமையல், நடுவில் சனம். முதல் நாளே உன் தலைப்புக்குச் சொல் தேடி என்னிடம் வந்தாய். சமரசம் என்றால் சாமியார் வாசம் அடிக்கிறது, இணக்கப்பாடு என்றால் கந்தோர்க் கடிதம் போல இருக்கிறது என்றாய். விட்டுக்கொடுப்பு என்று போடு என்றேன். நீ அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு இரண்டு தரம் மென்று பார்த்தாய். "மச்சான், இது சொல்லில்லை, தீர்ப்பு. விடுறது ஒருத்தன், குடுபடுறது இன்னொருத்தன்" என்றாய்.

அந்தப் பேச்சுகளை நான் ஒன்றுகூட விடவில்லை. அடிமைகளுக்கு வாக்கில்லை, ஆனால் ஆசனங்களைப் பங்கு போடும்போது மட்டும் ஐந்து அடிமைக்கு மூன்று ஆள் என்று கணக்கில் சேர்த்தார்கள் என்று நீ சொன்னபோது முன்வரிசை உச்சுக் கொட்டியது. பிறகு வெள்ளைப் பலகையில் ஒரு நாட்டை வரைந்து, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாய். கோட்டுக்கு வடக்கே அடிமை வைக்கக் கூடாது, தெற்கே வைக்கலாம். அந்தப் பக்கம் ஒரு மாநிலம் சேர்ந்தால் இந்தப் பக்கமும் ஒன்று, தராசு சரியக் கூடாது. முப்பது வருடம் அப்படி ஓடியது. பிறகு இன்னொரு விட்டுக்கொடுப்பு. தங்கம் கிடைத்த மேற்கு மாநிலம் அடிமை இல்லாத மாநிலமாகச் சேரலாம், அதற்குப் பதிலாக, தப்பி ஓடி வடக்கே வந்தவர்களை வடக்கத்தியானே பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். அந்த உடன்பாடு நிறைவேறிய அன்று தலைநகரத்தில் பீரங்கி வெடித்துக் கொண்டாடினார்களாம், நாடு தப்பிவிட்டதென்று.

"எல்லாரும் கை குடுத்துக்கொண்டு சந்தோசமா வெளியில வந்தவை. அறைக்கு வெளியில நிண்டவனைக் குடுத்திட்டுத்தான் வந்தவை" என்று நீ சொன்னாய். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

சங்கத் தலைவர் எழுந்து கேட்டார். "அப்ப விட்டுக்குடுத்திருக்காட்டி முந்தியே சண்டை வந்திருக்கும்தானே தம்பி?"

"வந்திருக்கும் ஐயா" என்றாய். "விட்டுக்குடுத்தும் வந்தது."

பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டா, பிடித்துக் கொடுபட்ட ஆட்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று. நீ புத்தகத்தைப் புரட்டினாய். நான் வாசித்த இந்தப் புத்தகத்தில் அவர்களுடைய பேர் இல்லை அக்கா என்று சொல்லி, பலகையைத் துடைக்கத் தொடங்கினாய்.

அன்று வீட்டுக்குப் போகிற ட்ராமில் நான் கேட்டேன். ஒல்லாந்தன் காலத்துச் சட்டத்தில் எங்கட ஆட்களும் அடிமை என்றுதானே எழுதப்பட்டிருந்தது, ஊரில் இன்றைக்கும் அடிமை குடிமை என்று ஒரு சொல் இருக்கிறதே, அடுத்த பேச்சு அதைப் பற்றிப் பேசுவாயா என்று. நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்தாய். "பேச வேணும் மச்சான். கட்டாயம் பேச வேணும். இப்ப வேண்டாம். சனம் பிரிஞ்சு போகும்."

நான் ஓம் என்றேன். நியாயமாகத்தான் பட்டது.

அந்த மண்டபத்தின் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. கம்பளக் கிடங்காக இருந்த காலத்தில் பாரந்தூக்கி வண்டி ஓடுவதற்குப் போட்டது. அதற்கு அந்தப் பக்கம் சமையல், இந்தப் பக்கம் சனம். வருடாந்த அன்னதானத்துக்குச் சோறு என் பொறுப்பு. தொழிலும் அதுதான், ஆசையும் அதுதான். பெரிய சோற்றுக் கிடாரத்தை இறக்கி, முதல் பந்திக்கு நானே அகப்பையோடு போவேன். சில வருடம் எந்தக் குறையுமில்லை. பிறகு புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்களில் ஒருவர் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டாராம், "சோறு போடுறவர் ஆர் பகுதி?" என்று. கேள்வி ஒரு மேசையில் பிறந்து, சோறு ஆறுவதற்குள் எல்லா மேசைக்கும் போய்விட்டது.

அடுத்த அன்னதானத்துக்கு முன் சங்கம் இரண்டாக நின்றது. நான் சோறு தொட்டால் பந்தியில் இருக்கமாட்டோம் என்று ஒரு பகுதி. என்னை நிறுத்தினால் நாங்கள் இல்லை என்று இளசுகள். நீ செயலாளர். கூட்டம் கூட்டினாய். நானும் நிர்வாகத்தில் இருந்தவன்தான், ஆனால் என்னைப் பற்றிய பேச்சென்பதால் நான் வெளியே நின்றால் நல்லது என்று தலைவர் சொன்னார். நீ என்னைப் பார்த்துத் தலையசைத்தாய். நான் போய்ச் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கண்ணாடிக் கதவுக்குள்ளே உன் கைகள் ஆடுவது தெரிந்தது. பலகையில் கோடு இழுத்த அதே கை.

கதவு திறந்தது. எல்லாரும் கை கொடுத்துக்கொண்டு வந்தார்கள். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"முடிஞ்சுது மச்சான். சங்கம் தப்பிட்டுது" என்றாய்.

ஒவ்வொருவருக்கும் ஒன்று கிடைத்திருந்தது. இளசுகளுக்கு மேடையில் நாடகம் போட நேரம். மற்றப் பகுதிக்குச் சமையல். எனக்கு உப தலைவர் பதவியும், மாலையும், அறிவிப்புச் செய்கிற மைக்கும். இவ்வளவு கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். அன்னதானம் முடியும்வரை நான் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. இந்த வருடம் மட்டும்.

"அறைக்கு வெளியில நிண்டவனைப் பற்றி நீதானே சொன்னனி?" என்று கேட்டேன்.

நீ என் தோளில் கை வைத்தாய். "அது அமெரிக்கா மச்சான். இது எங்கட சனம்." பிறகு இன்னும் மெல்ல, "உன்னட்டச் சாப்பிடுறதில எனக்கு என்ன பிரச்சினை? உனக்குத் தெரியும்தானே" என்றாய்.

எனக்குத் தெரியும். அதுதான் மச்சான் சங்கடம். நீயும் அவர்களைப் போல நினைக்கிற ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கே உன்னோடு முறித்துக்கொண்டு போயிருப்பேன். என் சட்டியில் சாப்பிடுகிறவன் என்னைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கும்போது என்ன செய்வதென்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. சரி என்றேன்.

அன்னதானத்தன்று மாலையைப் போட்டுக்கொண்டு மைக்கோடு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் கிடாரம். பொறுப்பெடுத்தவர்கள் நல்ல மனிதர்கள், ஆனால் அவ்வளவு பெரிய கிடாரத்தை வீட்டுச் சட்டி என்று நினைத்து நெருப்பை முழுதாகத் திறந்து வைத்திருந்தார்கள். அடிப்பிடிக்கிற மணம் எனக்குத்தான் முதலில் வந்தது. நாலு எட்டு வைத்தால் அடுப்பு. கால் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. வேறு வழி தெரியாமல் மைக்கில் சொன்னேன், "சமையல் பகுதியினரின் அன்பான கவனத்துக்கு, தயவுசெய்து நெருப்பைக் குறைக்கவும்." மண்டபம் சிரித்தது. நான் பகிடி விட்டதாக நினைத்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதையும் நான் பார்த்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாததல்ல. கோடு போதவில்லை. அடுத்த வருடம் என் மனைவி பூக்கட்டக் கூடாது என்று வந்தது. அதற்கு நீ என்ன விட்டுக்கொடுப்புக் கண்டுபிடித்திருப்பாயோ தெரியாது, அதற்குள் இளசுகள் மேளத்தையும் கதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போய் வேறு சங்கம் தொடங்கிவிட்டார்கள். நானும் போனேன். நீ இரண்டு பக்கமும் போய்வந்தாய். இரண்டு பக்கமும் உன்னை மற்றப் பக்கத்தின் ஆள் என்றார்கள். அங்கே அமெரிக்காவில் நீ பலகையில் இழுத்துக் காட்டிய அந்தக் கோட்டை ஒருநாள் அழித்துவிட்டு, அந்தந்த இடத்துச் சனமே வாக்குப் போட்டுத் தீர்மானிக்கட்டும் என்றார்களாம், சனம் துவக்கோடு வந்து இறங்கியதாம். எங்களிடம் துவக்கு இல்லாதபடியால் இரண்டு வாடகை மண்டபத்தோடு முடிந்தது. உன்னுடைய பேச்சு வரிசையும் அத்தோடு நின்றுபோனது. யுத்தத்துக்கு நீ வரவேயில்லை, விட்டுக்கொடுப்புகளோடேயே நின்றுவிட்டாய்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவதை நீ விடவில்லை, நானும் சோறு போடுவதை விடவில்லை. ஒருநாள் சாப்பாட்டின் நடுவில் கையை இலேசாக ஊன்றி, "மச்சான், அண்டைக்கு அந்த அறையில..." என்று தொடங்கினாய். "சொதி விடட்டோ?" என்று கேட்டேன். நீ கோப்பையை நகர்த்தித் தந்தாய். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. நீ இல்லாத இந்த நாட்களில் அந்தச் சொதியைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். நீ என்ன சொல்ல வந்தாய் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

நேற்று உன் முப்பத்தொன்று. எந்தக் கோயில் மண்டபத்தில் வைத்தாலும் மற்றப் பகுதி வராதென்று பவானி தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபம் ஒன்றை எடுத்திருந்தா. மரத் தரை. கோடு எதுவும் இல்லை. இரண்டு பகுதியும் வந்திருந்தார்கள், நடுவில் நடக்கிற வழியை விட்டு இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கல்வெட்டுத் தந்தார்கள். வாங்கி, விரிக்காமல் மேற்சட்டைப் பைக்குள் வைத்தேன். வெட்டு விழுந்த இடத்தைப் பார்க்க மனம் வரவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில், பார்க்கத் தோன்றவில்லை.

ஐயர் கிரியையை முடித்தார். பழைய சங்கத்தின் தலைவர் பேசினார், ஒற்றுமைக்காக வாழ்ந்த மனிதர் என்றார். பிறகு ஆரணி மைக்குக்கு வந்தாள். உன் பிள்ளையின் தமிழ் உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அவள் "எடுப்பாள்". படிப்பு எடுத்தன், ரயில் எடுத்தன், நீலச் சட்டையை எடுத்தன். டொச்சு மொழியில் அப்படித்தானே சொல்கிறார்கள். "பஸ் எடுத்து வாறன் அப்பா" என்று அவள் போனில் சொல்ல, "எடுத்து எங்கயம்மா வைக்கப்போறாய்?" என்று நீ கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். நேற்று அவள் கறுப்புச் சேலையில் நின்று சொன்னாள்:

"அப்பாவைப் பற்றி நான் புதுசா ஒண்டும் எழுதேல்ல. மணி மாமா எழுதினதில ஒரு பந்தியை எடுத்திருக்கிறன். மாமாட்டக் கேட்டுத்தான் எடுத்தனான்."

நீக்கியதை ஏன் இந்தப் பிள்ளை சபையில் சொல்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவ்வளவு மந்தம் என் தலை. அவள் கல்வெட்டைப் பிரித்தாள், விரலை வைத்து, எழுத்தெழுத்தாக வாசிக்கத் தொடங்கினாள்.

"இவர் எங்களுக்கு ஒரு யுத்தத்துக்கு முந்திய விட்டுக்கொடுப்புகளைப் பற்றிச் சொல்லித் தந்தார். அறைக்குள் இருப்பவர்கள் அறைக்கு வெளியே நிற்பவனைக் கொடுத்து வாங்கும் சமாதானம் நிலைக்காது என்றார். பிறகு ஒருநாள் எங்கள் மண்டபத்தில் அவரே அப்படி ஒரு சமாதானம் செய்தார். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் சோறு, இந்தப் பக்கம் நான். அன்று வெளியே நின்றவன் நான்தான். சங்கம் அதனால் தப்பவில்லை. இவர் என்னுடைய மிக நல்ல சிநேகிதர். இரண்டும் உண்மை."

"விட்டுக்கொடுப்பு" என்பதில் அவளுக்கு நாக்குத் தடுக்கியது. நின்று, மறுபடி முதலிலிருந்து சரியாகச் சொன்னாள். சபை அதை இரண்டு தரம் கேட்டது.

பிறகு தலைவர் எழுந்தார், மேற்சட்டைப் பொத்தானைப் போட்டார், உன் படத்தைக் கும்பிட்டார், வெளியே போனார். அவருக்குப் பின்னால் சில குடும்பங்கள். வெளியே கார்க் கதவுகள் சாத்தப்படுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவருடைய பக்கத்திலேயே இருந்தவர்களில் பலர் போகவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஆரணி என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மாமா, நான் பிழையா விளங்கிட்டனா? எடு எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்."

"என்ன கேட்டனி பிள்ளை?"

"வாசிக்க எடுக்கலாமோ எண்டு. முக்கியம் எண்டுதானே மஞ்சள் அடிச்சனான்."

எங்களுக்கு மஞ்சள் கோடு தாண்டக் கூடாத இடம். இந்த நாட்டில் படித்த பிள்ளைக்கு மஞ்சள், மறக்கக் கூடாத வரி. ஒரு சொல்லை நான் வெளியே எடுக்கிற சொல்லாக வாசித்தேன், அவள் கையில் எடுக்கிற சொல்லாக எழுதியிருக்கிறாள். "பிழையில்லை" என்றேன்.

அப்போதுதான் பவானியைப் பார்த்தேன். பார்த்து எழுதுங்கோ என்று கெஞ்சிய மனுசி. கோபமா, வெட்கமா, முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. வாசலைப் பார்த்தா, காலிக் கதிரைகளைப் பார்த்தா, உன் படத்தைப் பார்த்தா. பிறகு சமையல் பக்கம் போய் அகப்பையை எடுத்துக்கொண்டு வந்து, எல்லாருக்கும் கேட்க, என் கையில் தந்தா.

"போறவை போகட்டும். சோறு ஆறுது. மணியண்ணை, அவருக்கு நீங்கள் போடுங்கோ."

உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்திருந்தது. உனக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள், நடுவில் மட்டும் சோற்றுக்கு இடம் விட்டிருந்தது. கிடாரத்துக்குள் அகப்பையை விட்டேன். இந்த முறையும் நெருப்பைக் கவனிக்கவில்லை, அடிப்பிடித்துத்தான் இருந்தது. மேலாக ஒரு அகப்பை போட்டேன். பிறகு உன் குரலுக்காக இன்னும் உள்ளே விட்டு அடியையும் சுரண்டினேன். அப்போது மணிக்கட்டு கிடாரத்தின் விளிம்பில் முட்டியது. சுட்டது.

சுட்டது, மச்சான். உன் பெட்டி போனபோது இல்லாதது, பிள்ளைக்கு "எடு" என்று எழுதியபோது இல்லாதது, அந்த ஒரு அங்குலத்தில் சுரீர் என்று ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது சூட்டுக்கா உனக்கா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு முதல் பந்திக்கு ஆட்கள் வந்து இருந்தார்கள். நடுவழியின் இரண்டு பக்கத்துச் சனமும் கலந்து, இடையிடையே சில கதிரைகள் காலியாக. இருந்த எல்லாருக்கும் நான்தான் சோறு போட்டேன்.

இன்றைக்கு மணிக்கட்டில் ஒரு சின்னக் கொப்புளம். மனைவி மருந்து பூச வந்தாள், பிறகு என்றேன். நீ செய்ததை நான் மன்னித்துவிட்டேனா என்று யாராவது கேட்டால் ஓம் என்று பொய் சொல்லமாட்டேன், உன்னிடமும் சொல்லமாட்டேன். உன் இலையில் சோறு போட்டிருக்கிறேன், அடியும் சேர்த்து. இந்தச் சூடு ஆறும்வரை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். வலிக்கிறது.